ரெண்டடித் தொட்டியும் இருபத்திரெண்டு மீனும்

ஊருக்கு எப்ப டிக்கெட் போடட்டும் மாமான்னு நேத்துலேருந்து மூணு தடவ கேட்டுட்ட. போடலாம் மாப்ள, ரயிலு எங்க போயிரப் போவுது. மொதல்ல அந்த நோட்டை இப்புடிக் குடு. ஒரு கண்ணுலதான் பொரை எடுத்திருக்காங்க, இன்னொண்ணு இன்னும் மார்கழிப் பனி மாதிரிதான் இருக்கு. இருந்தாலும் ஒன் மக கலர் பேனாவுல எழுதியிருக்கிற பட்டியல் நல்லாவே தெரியுது.

கோல்டு ஃபிஷ் 4. ஷார்க் 2. ஏஞ்சல் 2. நியான் டெட்ரா 6. ஃபைட்டர் 2. கப்பி 2 ஜோடி. ஆஸ்கார் 1. தொட்டியக் கழுவி உட சக்கர் 1. ஆக 22 உருப்படி. பேஷ், பேஷ். கடன் குடுத்தவன், வாங்கினவன், வரப்புக்குக் கேஸ் போட்டவன், கறிக்கடைக்காரன், அவன் ஆட்டுக்குட்டி, எல்லாத்தையும் ஒரே வேன்ல ஏத்திப் பழனிக்கு அனுப்பற மாதிரி இருக்கு.

ஞாயித்துக்கெழம கொளத்தூர் போறேன்ன. போ. கலர் மீன் வளக்குறவங்களும் விக்கிறவங்களும் தெருத்தெருவா இருக்கிற எடம், ஒனக்குன்னு பாத்து ஒண்ணு கெடைக்காமப் போவாது. போறதுக்கு முன்னால நான் சொல்றதக் காதுல வாங்கிக்க. வாங்கலேன்னாலும் பாதகமில்ல. நீ ஆபீஸ் போனப்பறம் நாலு நாளா முக்குத் தெரு மீன் கடைத் தம்பியோட ஒக்காந்து டீ குடிச்சிட்டிருக்கேன். கத்துக்கிட்டத யாருகிட்டயாச்சும் கொட்டியாவணும்ல.

ஒன் தொட்டிய அளந்து பாத்தியா? நான் அளந்தேன். நீளம் ரெண்டடி, அகலம் ஒரடி, ஒசரம் ஒரடி. சென்டிமீட்டர்ல 60, 30, 30. பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 54 லிட்டர். விளிம்பு வரைக்கும் ஊத்த மாட்ட. அடியில மணலு, அந்த பிளாஸ்டிக் கோட்டை, அது பக்கத்துல வாயப் பொளக்குற மண்டையோடு, இதெல்லாம் போவ 45 தேறும். மூணு பக்கெட் தண்ணி. ஒன் மாமியா ஒருவேள குளிக்கறதுக்கே பத்தாது. அத டீப்பாய் மேல வச்சிருக்க பாரு, அங்கதான் ஒன் தைரியத்த மெச்சுறேன். தண்ணி, கண்ணாடி, மணலுன்னு எல்லாம் சேந்தா நான் ஏறி ஒக்காந்த கனம் வரும். வேணும்னா நான் ஏறி ஒக்காந்து காட்டவா? வேணாமா? அப்ப தொட்டியக் கீழ எறக்கி வேற எடம் பாரு.

நம்ம குத்தகைக் குளத்துல குஞ்சு விடறப்ப சென்ட்டுக்கு இருபது, மிஞ்சிப் போனா நாப்பதுதான் விடுவேன். ஒரு சென்ட்டுங்கறது 435 சதுர அடி. ஒன் தொட்டி 2 சதுர அடி. நானு ஒழுங்கா பள்ளிக்கூடம் போவாதவன், நீதான் எம்.சி.ஏ., கணக்க நீயே போட்டுக்க. ஒங்கிட்ட ஃபில்டர் இருக்கு, காத்து மோட்டாரு இருக்கு, அதெல்லாம் சரி. அம்பது பேரு ஏறவேண்டிய பஸ்ஸுல ஏசி போட்டா எரநூறு பேரு ஏத்திரலாமா?

ஒனக்கு ஒரு கதை சொல்றேன், ஒங்கம்மாவக் கேட்டா சாட்சி சொல்லுவா. எனக்கு எட்டு வயசு இருக்கும். ஐப்பசி மழைக்கு வாய்க்காலும் வயலும் ஒண்ணாக் கெடக்கு. வரப்போரத்துல தண்ணிக்கு மேலாப்புல செக்கச்செவேல்னு ஒரு பந்து சுத்திக்கிட்டு வருது. குங்குமச் சிமிழக் கவுத்த மாதிரி. கிட்டப் போயிப் பாத்தா அத்தனையும் மீன் குஞ்சு, ஒவ்வொண்ணும் நெல்லு பருமன். தூக்குச்சட்டிய விட்டு ஒரே மொள்ளு, நாப்பது வந்துருச்சு. மொள்ளுறப்ப அடியிலேருந்து கருப்பா என்னமோ வந்து சட்டிய டங்குன்னு இடிச்சுது. கட்டையோ என்னமோன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடியாந்துட்டேன். மாட்டுக்குக் கழனி ஊத்துற கல்தொட்டி ஒண்ணு சும்மாக் கெடந்துச்சு. அதுல ஏற்கெனவே பத்து பொடிக் கெண்டை வச்சிருந்தேன். இதையும் அதுலயே விட்டேன். மொத வாரம் தெருவே வந்து பாத்துச்சு. ஒங்கம்மாதான் தெனம் தவிடு போடுவா.

கொஞ்ச நாளுல செவப்பு வெளுத்துச்சு, அப்புறம் பழுப்பாச்சு. கெண்டை ஒண்ணொண்ணாக் காணோம். நான் பூனை மேல சந்தேகப்பட்டு, அதக் கம்பெடுத்துத் தொரத்திக்கிட்டுத் திரிஞ்சேன். கெண்டை தீந்துச்சு. அடுத்தாப்புல குஞ்சே கொறையிது. நாப்பது இருபதாச்சு, இருபது ஆறாச்சு. சித்திரையில ஒருநாள் எட்டிப் பாத்தா, தொட்டியில ஒரே ஒரு ஆளு. ஒரு சாண் நீளத்துக்கு, பாம்புத் தலையோட, எப்ப சோறுன்னு கேக்குற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு. விராலு மாப்ள. எங்கப்பா வந்து பாத்தாரு, ஒண்ணுமே சொல்லல. உள்ள திரும்பி எங்கம்மாகிட்ட, புளியக் கரைன்னு மட்டும் சொன்னாரு.

விரால் மேல குத்தமில்ல, அது விராலாத்தான் பொறந்துச்சு. நான்தான் செவப்பப் பாத்தேன். சட்டிய இடிச்சது அதுங்களோட தாயின்னு எனக்குத் தோணல. அதனாலதான் சொல்றேன், கடையில எந்தக் குஞ்சக் காமிச்சாலும், இதுக்குத் தாயி எம்மாம் பெருசுன்னு கேளு. கடைக்காரன் பேச்ச மாத்தினான்னா நீயும் எடத்த மாத்து.

இப்ப ஒன் மகளோட ஷார்க்குக்கு வருவோம். விரல் நீளத்துல, வெள்ளிக் கோடு போட்டுக்கிட்டு, முதுகுல முக்கோணத் துடுப்பு நிமித்திக்கிட்டு என்னா ஜம்முன்னு போவுது. சொறாவும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. மீகாங் ஆத்துக் கெளுத்தி அது. பங்கேசியஸ்ங்கறாங்க. ஆந்திராப் பக்கம் ஏக்கர் கணக்குல குளம் வெட்டி வளக்குறாங்க. ஓட்டல்ல முள்ளே இல்லாத மீனுன்னு நீ வெளுத்துக் கட்டுற பாசா இருக்கே, அந்தத் துண்டம் பெரும்பாலும் இவரோட பங்காளிதான். மூணடிக்கு மேல வளருவாரு. ஒன் தொட்டி ரெண்டடி. வாலை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு இருன்னு சொல்லிப் பாரு. பொதுவா என்னா பண்ணுவாருன்னா, எதையாச்சும் கண்டு மெரண்டு கண்ணாடியில மூக்க முட்டி முட்டிப் புண்ணாக்கிக்கிட்டு ஒரு நாள் மல்லாந்துருவாரு. ஒன் மக அழுவா. நீ, அது சாமிகிட்டப் போயிருச்சும்மான்னு சொல்லுவ.

ஆஸ்காரும் அப்படித்தான், அமேசான் ஆத்துக்காரன், ஒரடி. ஆனா புத்திசாலி, ஒன்னைய அடையாளம் கண்டுக்கிட்டு நாய் மாதிரி ஓடியாருவான். வர்ற வழியில நியானு கப்பி எல்லாத்தையும் பலகாரமா முழுங்கிட்டு வருவான், அவ்வளவுதான். ஏஞ்சல் பேருலதான் தேவதை. அதுக்கும் வளந்தப்பறம் நியான்னா முறுக்கு மாதிரி. சக்கர வாங்கி விட்டா தொட்டி சுத்தமாயிரும்னு ஒனக்கு எவன் சொன்னான்? பாசிய நக்குவான், வாஸ்தவம். தின்னுட்டு என்னா, தவம் பண்ணுவானா? தொட்டியிலயே ரொம்ப அசிங்கம் பண்றவன் அவன்தான். ஒன்றரை அடிக்கு வருவான். வளந்தப்பறம் வச்சுக்க முடியாம ராவோட ராவா ஏரியில கொண்டுபோயி விட்டுர்றாங்க பாரு, அது பெரிய கொடும. இப்ப நம்ம பக்கத்து ஏரி குளத்துல எல்லாம் இவன்தான் குடும்பத்தோட குந்தியிருக்கான். ஒடம்பெல்லாம் ஓடு, முள்ளு. வலையக் கிழிச்சுருவான், கொழம்புக்கும் ஒதவ மாட்டான். நீ கோவப்பட்டாலும் பரவால்ல, எந்தத் தொட்டி மீனையும் வெளித்தண்ணியில மட்டும் விட்டுறாத.

கோல்டு ஃபிஷ் நாலுதானா? எட்டா வாங்கேன்! சினிமாவுல கதாநாயகி வீட்டுல கண்ணாடிக் குடுவையில அதுதான சுத்தும். அது கெண்டை சாதி மாப்ள. சீனாக்காரன் ஆயிரம் வருஷமாப் பொறுக்கிப் பொறுக்கி வளத்ததுல பொன்னாயிருச்சே தவிர, பொழப்பு கெண்டைப் பொழப்புத்தான். எரைப்பைன்னு ஒண்ணு அதுக்குக் கெடையாது. இந்தப் பக்கம் போவும், அந்தப் பக்கம் வரும். பந்திக்கு முந்துற நம்ம பெரிய மச்சானாவது நடுவுல ஏப்பம் உடுவாரு, இது அதுக்கும் நிக்காது. அது கழிக்கிற கழிவுக்கு ஒன் மூணு பக்கெட் தண்ணி எந்த மூலைக்கு? ஒரு சாணுக்கு வளரும். குளிர்ச்சியான தண்ணி கேக்கும். சித்திரை வெயில்ல ஒன் ஹால்ல தண்ணி 32 டிகிரி தொட்டுச்சுன்னா, தண்ணியில காத்தும் கொறைஞ்சு போவும், அது மேல வந்து வாயப் பொளந்து பொளந்து மூடும். ஒன் மக, அப்பா அது எனக்கு முத்தம் குடுக்குதும்பா.

அதுக்கு மூணு செகண்டுதான் ஞாபகம் இருக்கும்னு வேற நேத்து ஒரு பொய்ய அளந்த. தீனி போடுற நேரத்த மாசக்கணக்குல ஞாபகம் வச்சிருக்கும் அது. நீ ஒன் கல்யாண நாளயே மறந்துட்டு முழிச்சியே, அந்த மாதிரி இல்ல. இங்கிலாந்துல ஒருத்தங்க வீட்டுல டிஷ்ஷுன்னு ஒரு கோல்டு ஃபிஷ் இருந்துச்சாம். 1956ல திருவிழாவுல பரிசா வந்தது, 1999ல செத்துச்சு. 43 வருஷம்! கடைத் தம்பி போன்ல காமிச்சான். நீ குடுவையில விடற மீனு நாப்பது நாளு தாண்டுனா, பரவால்லையே நல்லா வளக்குறோமேன்னு காலரத் தூக்கி உட்டுக்கிற.

ஃபைட்டர்ல எனக்கு ஒரு பாசம் உண்டு, ஏன்னா அது நம்ம பனையேறிக்குத் தூரத்து ஒறவு. பனையேறிக் கெண்டை தெரியும்ல? தண்ணிய விட்டு வெளிய வந்து வரப்புல நடந்து போவும். தரங்கம்பாடியில டேனிஷ் கம்பெனிக்காரன் கோட்டை கட்டி இருந்த காலத்துல, 1791ல, டால்டார்ஃப்னு ஒரு ஆபீசரு, குளக்கரைப் பனைமரத்துல தண்ணிக்கு மேல அஞ்சடி ஒசரத்துல அதப் புடிச்சேன்னு லண்டன் வரைக்கும் எழுதி அனுப்பிச்சாரு. அவரு எத்தன மொந்தை போட்டுட்டுப் பாத்தாருன்னு நம்ம வாத்தியாரு கிண்டல் பண்ணுவாரு. ஆனா அந்த மீனுக்குச் செவுளுக்கு மேல தனியா ஒரு உறுப்பு இருக்கு, மேல வந்து நேராக் காத்தக் குடிச்சுக்கும். ஃபைட்டருக்கும் அதேதான். அதனாலதான் டீ கிளாஸ் அளவு டப்பாவுல அடைச்சு வச்சு விக்கிறான், அதுவும் சாவாம இருக்கு. சாவாம இருக்கறதும் வாழறதும் ஒண்ணான்னு, ஷேர் ஆட்டோவுல நடு சீட்டுல போயிப் பாத்தவனக் கேளு.

தாய்லாந்துக்காரங்க 2019ல அத நாட்டோட நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சுட்டாங்க. அந்த ராசாவ ரெண்டு பேரா வாங்கி ஒரே தொட்டியில விடலாம்ங்கற. ரெண்டு ஆணச் சேத்து விட்டா பொழுது விடியறதுக்குள்ள ஒண்ணு கந்தலாயிரும். ஒண்ணே ஒண்ண வாங்கு. ஒன் தொட்டிக்கு அவன் ஒருத்தன் போதும். ரெண்டு செடி வை, தண்ணி ஓட்டத்தக் கொறைச்சு வை, மேல மூடி போடு. எகிறிக் குதிப்பான். தோகைய விரிச்சுக்கிட்டு அவன் வீதியுலா வர்றதப் பாத்தா, நம்மூரு மாரியம்மன் தேருக்குக் கொறைச்சல் இல்ல. தண்ணி மேல எச்சி நுரையில கூடு கட்டுவான், பொண்ணே இல்லாட்டியும் கட்டுவான். கல்யாணத்துக்கு முன்னாலயே ஃபிளாட்டுக்கு லோன் போட்ட ஒன்ன மாதிரி.

சரி, நியான் ஆறு. அழகுதான், மறுக்கல. அதுக்கு மெத்துனு மழைத் தண்ணி மாதிரி வேணும். ஒன் பாத்ரூம் குழாய் மூக்குல பாத்தியா, வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. ஒங்க அபார்ட்மெண்டு போரு அத்தன உப்பு. மூணு நாளா இங்க குளிச்சு என் தலைமுடி தேங்கா நாரா ஆயிருச்சு, இருக்கிற நாலு முடியும். இந்தத் தண்ணிய மாத்தி நியானுக்குப் புடிச்ச மாதிரி ஆக்குறேன்னு மருந்து, மாத்திரைன்னு எறங்கினா ஒன் சம்பளம் பத்தாது. மண்ணுக்கேத்த வெதையத் தேடுறவன் வெவசாயி. வெதைக்கேத்த மண்ண லாரியில எறக்குறவன் சினிமா எடுக்கறவன். இந்த உப்புத் தண்ணி கப்பிக்கும் மோலிக்கும் பிளாட்டிக்கும் சர்க்கரப் பொங்கல்.

அதுலயும் கப்பிய ஜோடியா எழுதியிருக்கு. கப்பி முட்ட போடாது, குட்டி போடும். நாலு வாரத்துக்கு ஒரு ஈடு, இருபதுக்கு மேல. ஆண எடுத்துட்டாலும் நிக்காது, பொட்ட முன்னயே வாங்கி வச்சத உள்ளுக்குள்ள சேமிச்சு வச்சு மாசக்கணக்கா ஈனும். ஒரு வருஷத்துல நீ எதுத்த வீடு, மேல் வீடு, வாட்ச்மேன்னு எல்லாருக்கும் கவர்ல போட்டுக் குடுத்து, கடைசியில ஒன்னைய லிப்டுல பாத்தாலே சனம் படியில எறங்கி ஓடும். கொசுப் புழுவத் திங்கும்னு ஊர்க் கெணத்துல எல்லாம் அந்தக் காலத்துலயே விட்டாங்க, அம்புட்டு கெட்டி சாதி. ஆணா மட்டும் பொறுக்கி வாங்கு. தோகையும் கலரும் ஆணுக்குத்தான். ஆம்பளைங்க மட்டும் இருக்கிற மேன்ஷன் மாதிரி, கொஞ்சம் தொரத்திப் புடிச்சு வெளையாடுவாங்க, பெருக மாட்டாங்க.

குளத்துல நான் என்னா பண்ணுவேன்? கட்லா மேல மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. மூணும் ஒண்ணோட ஒண்ணு எலையில கை வைக்காது. ஒனக்கும் அதே கணக்குத்தான். ஃபைட்டர் ஒத்தையா வேணாம்னா, மேல ஆறு ஆண் கப்பி. ரெண்டு மாசம் போயி, அடியில மீசை வச்ச குட்டிக் கெளுத்தி, கோரின்னு கேளு, அஞ்சு வாங்கிக்க. ஒத்தையா வாங்கினா மூலையில மொடங்கிரும். கூரான ஜல்லி போட்டா மீசை தேஞ்சுரும், பொடி மணலாப் போடு. நடுவுலயா? நடுவுல தண்ணி இருக்கட்டுமே மாப்ள. எல்லா எடத்தையும் ரொப்பியே ஆவணுமா? ஓடியாடணும்னு ஒன் மக அடம் புடிச்சா, கப்பிக்குப் பதிலா ஜீப்ரா ஆறு. கங்கைக்கரைப் பக்கத்து மீனு, லேசுல நோவு நொடி அண்டாது.

இந்த ஞாயித்துக்கெழம அதையும் வாங்காத. நேத்து ராத்திரி தண்ணி ரொப்பின, இன்னைக்குப் பளிங்கு மாதிரி இருக்கு, அதனால சுத்தம்னு நெனைக்கிற. நேத்து கறந்த பாலும் வெள்ளையாத்தான் இருக்கு, அது தயிரா? மீனு செவுளு வழியா விடற கழிவு, மிஞ்சின தீனி, எல்லாம் அமோனியா ஆவும். யூரியா மூட்டையப் பிரிச்சா மூக்கக் கரிக்குமே, அந்தச் சாதி. அதத் திங்க ஒரு பாக்டீரியாக் கூட்டம் வரணும். அது திங்கறதுல நைட்ரைட் வரும், அதுவும் வெஷம். அதத் திங்க இன்னொரு கூட்டம் வந்து நைட்ரேட் ஆக்கணும், அது செடிக்கு ஒரம். இந்த ரெண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியேற நாலுலேருந்து ஆறு வாரம் ஆவும். அதுக்குள்ள மீன விட்டா, நெல்லு அவிக்கிற சட்டிக்குள்ள விருந்தாளிய ஒக்கார வச்ச மாதிரி. புதுசாத் தொட்டி வாங்கினவன் மீனு மூணாம் வாரம் பட்டுப்பட்டுன்னு சாவறது இதனாலதான். அவன் கடைக்காரன ஏசுவான், திருஷ்டின்னு எலுமிச்சம்பழம் கட்டுவான்.

மீனில்லாத தொட்டிக்குத் தெனம் ஒரு சிட்டிகை தீனி போடணும். அது அழுவித்தான் அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு. கடைத் தம்பிகிட்ட அவன் பழைய தொட்டி ஸ்பாஞ்சுல ஒரு துண்டு கேட்டிருக்கேன், ஒறைமோர் மாதிரி அதப் போட்டா சீக்கிரம் ஒறையும். சொட்டு மருந்து ஊத்திப் பாக்குற டப்பா ஒண்ணு வாங்கியாந்து, வாரா வாரம் அமோனியா இருக்கான்னு கலரப் பாக்கணும். ஸ்பாஞ்ச யாரும் குழாய்ல கசக்கிப் புழிஞ்சுறாமப் பாத்துக்கணும், குளோரின் பட்டா அத்தனையும் செத்துப் போவும். தொட்டித் தண்ணியிலயே அலசணும்.

வெறுந்தண்ணிக்குச் சோறு போட்டு, ஆறு வாரம் அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். நீ ஒம்பது மணிக்குப் போனா ராத்திரி எட்டுக்கு வர்ற. ஒன் பொண்டாட்டிக்கும் வேல. புள்ளைக்குப் பள்ளிக்கூடம். இதுக்கு வயசான, பொறுமையான, வேற சோலி இல்லாத ஆளுல்ல வேணும்? நம்ம சாதிசனத்துல அப்புடி யாரு இருக்கான்னு நானும் ரெண்டு நாளா யோசிக்கிறேன், ஒருத்தரும் அகப்படல. இந்தக் கண்ணு டாக்டரு வேற, மறு கண்ணுக்கு ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லியிருக்காரு.

என்னா மொறைக்கிற? ஒன் பொண்டாட்டி எனக்கு மக முறை, அவகிட்ட காலையில காப்பி குடிக்கறப்பவே சொல்லிட்டேன். நீங்க இருங்கப்பான்னுடுச்சு தங்கமான பொண்ணு. டிக்கெட்டுதான? போடு, யாரு வேணாம்னா. ஆறு வாரம் கழிச்சு என்னா தேதி வருதுன்னு பாத்து, கீழ் பெர்த்தாப் போடு.